எறிய மனம் வராதவர்கள்



தீபாவளி நெருங்கி வருகிறது. மழைக்காலம் முடிந்து, ஈரம் பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பரண்மேல் இருப்பதை இறக்கித் தூசி தட்டும் காலம் இது. அநேக வீடுகளில் இது சந்தோஷமான வேலை. சில வீடுகளில் மட்டும் ஆண்டுதோறும் சண்டை ஆரம்பிக்கும் காலமும் இதுதான். "இந்தப் பழைய பேப்பர் கட்டை என்றைக்குத்தான் எறியப் போகிறீர்கள்?" என்று மகன் கேட்பார். அப்பா பதில் சொல்லாமல் அந்தக் கட்டின்மேல் போய் உட்கார்ந்து கொள்வார். இன்னும் சில வீடுகளில் சண்டைகூட நடப்பதில்லை. அங்கே கதவே திறக்கப்படுவதில்லை. உள்ளே இருப்பவர் தனியாக, பொருள்களின் நடுவே, யாரையும் அழைக்காமல் வாழ்ந்து வருகிறார். அவர்களைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

மருத்துவத்தில் இதற்கு ஹோர்டிங் டிஸார்டர் என்று பெயர். தமிழில் 'பதுக்கல்' என்று எழுதினால் அரிசியையும் எண்ணெயையும் மறைத்து வைத்து விலையேற்றி விற்கும் வியாபாரிதான் நினைவுக்கு வருவார். இந்த நோயாளிகளுக்கு அந்தச் சொல் கொஞ்சமும் பொருந்தாது. இவர்கள் லாபத்துக்காகச் சேர்ப்பவர்கள் அல்லர். ஆகவே 'பொருள் குவிப்பு நோய்' என்று நான் சொல்லுகிறேன்.

நம்மவர் ஏன் சேர்த்து வைக்கிறோம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எதையும் வீணாக்காமல் எடுத்து வைப்பது நோய் அன்று. அதிலும் பர்மாவில் வாழும் நம் குடும்பங்களுக்கு அந்தப் பழக்கம் வரக் காரணங்கள் நிறைய உண்டு.

1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அதையடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரமாயிரம். இங்கேயே தங்கியவர்கள் சேர்த்த ஜப்பானிய நோட்டுகள் 1945இல் வெறும் காகிதமாயின. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பலேறிப் போன உறவினர்கள் ஆயுள் முழுவதும் சம்பாதித்ததை இங்கேயே விட்டுப் போனார்கள். 1985 நவம்பரில் மறுபடியும் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில், ஈடு எதுவும் இல்லாமல், மதிப்பிழந்தன. அப்போது நான் மாணவன். கற்றை கற்றையாக நோட்டை வைத்துக்கொண்டு பெரியவர்கள் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது குடிதண்ணீருக்கும் மெழுகுவர்த்திக்கும் யாங்கோன் முழுவதும் அலைந்தோம். 2021இல் சொந்தப் பணத்தை எடுக்க வங்கி வாசலில் விடியற்காலையில் வரிசை நின்றோம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் இரண்டு மூட்டை அரிசி கூடுதலாக வாங்கி வைத்தால், பிஸ்கட் டின்னையும் போத்தலையும் கழுவி அடுக்கி வைத்தால், அது புத்திசாலித்தனம். அதை யாரும் பரிகாசம் செய்ய வேண்டாம்.

ஆனால் நம் சமூகத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வீடு முழுவதும் குவிந்து, படுக்க இடமில்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிற ஒரு பெரியவரைப் பார்த்தும், "பாவம், அறுபத்து நாலில் பட்ட அடி" என்று சொல்லி நகர்ந்து விடுகிறோம். ஆராய்ச்சிகள் என்ன சொல்லுகின்றன? சிறு வயதில் பட்ட வறுமைக்கும் இந்நோய்க்கும் நேரான தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகளில் தெரியவில்லை. வறுமையை அனுபவித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. செல்வத்தில் வளர்ந்தவர்களுக்கும் வருகிறது. பிரியமானவர்களை இழந்த துக்கம், அதிர்ச்சி தரும் சம்பவங்கள் ஆகியவற்றோடுதான் அதிகத் தொடர்பு காணப்படுகிறது. ஆகவே சரித்திரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நோயைக் கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது. அதைத்தான் இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எல்லை எங்கே இருக்கிறது?

சிக்கனத்துக்கும் நோய்க்கும் உள்ள எல்லையை எப்படிக் கண்டுகொள்வது? நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: அறைகளை அவை ஏற்பட்ட காரியத்துக்குப் பயன்படுத்த முடிகிறதா? கட்டிலில் படுக்கவும், அடுப்பில் சமைக்கவும், குளியலறையில் குளிக்கவும் இடம் உண்டா?

இரண்டு: ஒரு பொருளைக் கழிக்க நினைத்தாலே அவருக்குப் படபடப்பும் துயரமும் வருகிறதா? உண்மையான விலை என்னவாக இருந்தாலும், கிழிந்த பிளாஸ்டிக் பைக்கும் தங்க வளையலுக்கும் ஒரே மாதிரி வருந்துகிறாரா?

மூன்று: வைத்த பொருளை வேண்டும்போது எடுக்க முடிகிறதா? சிக்கனக்காரர் நூறு போத்தல் வைத்திருந்தாலும் எது எங்கே என்று அவருக்குத் தெரியும். நோயுற்றவர் ஒரு ஜோடிச் செருப்பைத் தேடி இரண்டு நாள் அலைவார். கடைசியில் புதிதாக ஒன்று வாங்குவார். அதுவும் குவியலில் மறைந்து போகும்.

நான்கு: இதனால் வாழ்க்கை சுருங்கி விட்டதா? உறவினரை வீட்டுக்குள் அழைக்க வெட்கம், ரிப்பேர்காரரைக் கூப்பிடப் பயம், பிள்ளைகளோடு மனத்தாங்கல் என்று வந்துவிட்டதா?

நான்குக்கும் விடை மோசமாக இருந்தால் சிக்கனத்தின் எல்லையைத் தாண்டியாயிற்று என்று கொள்ளலாம். தபால் தலை, பழைய நாணயம் சேர்ப்பவர்கள் வேறு வகை. அவர்கள் ஒழுங்காக அடுக்கி வைப்பார்கள், மற்றவருக்கு ஆசையாக எடுத்துக் காட்டுவார்கள். நோயுற்றவர் மறைப்பார்.

வெளிநாட்டு நிபுணர்கள் ஒரு சுலபமான முறையும் வைத்திருக்கிறார்கள். சமையலறை, படுக்கையறை, வரவேற்பறை மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது படங்கள். முதல் படத்தில் அறை சுத்தமாக இருக்கும்; ஒன்பதாவதில் கூரை வரை குவிந்திருக்கும். உங்கள் அறை எந்தப் படம் மாதிரி இருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லுவார்கள். வாய்ப்பேச்சில் வரும் வாக்குவாதம் இதில் வருவதில்லை.

மருத்துவம் என்ன சொல்லுகிறது?

முன்பெல்லாம் இதைத் தனி நோயாகக் கருதவில்லை. திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது தனியாக இடம் பெற்றிருக்கிறது.

வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்நோய் இருப்பதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 2010 வாக்கில் நடந்த மனநலக் கணக்கெடுப்பிலும் நூற்றுக்கு இரண்டு பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் இப்படிக் குவித்திருப்பதாகத் தெரிய வந்தது. கோவில் திருவிழாவுக்கு ஐந்நூறு பேர் கூடினால் அதில் பத்துப் பேராவது இருக்கக் கூடும். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயதிலேயே சிறிதாகத் தொடங்குகிறது. வீட்டில் அம்மாவோ மனைவியோ ஒழுங்கு செய்துகொண்டிருக்கும் வரை வெளியே தெரிவதில்லை. வயது ஏற ஏற முற்றும். துணை இறந்து, பிள்ளைகள் வேலைக்காக வெளிநாடு போன பிறகு ஒரே வேகத்தில் வீடு நிறைந்துவிடும். ஆண், பெண் என்ற வித்தியாசம் இதில் அதிகம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், தம் நெருங்கிய உறவினர் ஒருவருக்கும் இப்பழக்கம் உண்டு என்று சொல்லுகிறார்கள்.

இவர்கள் மனத்தில் நடப்பது என்ன? ஒரு பழைய குடையைக் கையில் எடுத்தால் நீங்களும் நானும் ஒரு நொடியில் முடிவு செய்துவிடுவோம். இவருக்கு அந்த முடிவு மலையாகத் தெரிகிறது. "இதைச் சரி செய்தால் யாருக்காவது உதவும். இதை அவர் வாங்கிக் கொடுத்தார். எறிந்தால் அவரையே எறிந்த மாதிரி. பிறகு வேண்டுமென்றால் என்ன செய்வேன்?" இத்தனை எண்ணங்களும் ஒன்றாக வருகின்றன. குடையைக் கீழே வைத்தவுடன் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்ற ஒவ்வொரு நாளும் குவியலாக நிற்கிறது. இதைச் சோம்பல் என்றோ கஞ்சத்தனம் என்றோ சொல்லுவது தவறு. இவர்களில் பலர் கேட்டவருக்கு மனமுவந்து கொடுப்பவர்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு, பயம் போன்ற வேறு தொல்லைகளும் சேர்ந்திருக்கின்றன. அறுபது வயது வரை வீட்டைச் செம்மையாக வைத்திருந்தவர் திடீரென்று குப்பை சேர்க்க ஆரம்பித்தால் வேறு விதமாக யோசிக்க வேண்டும். மறதி நோய், மூளையின் முன்பகுதியில் ஏற்பட்ட பாதிப்பு, கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றிலும் இப்படி நேரலாம். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் கட்டிடங்களில் வரும் ஆபத்துகள்

நம்மவரில் அநேகர் நகரின் நடுவே ஆறு மாடி, எட்டு மாடிக் கட்டிடங்களில் வசிக்கிறோம். லிப்ட் இல்லை. ஒருவர் ஏறினால் ஒருவர் ஒதுங்க வேண்டிய மாடிப்படி. அந்தப் படியிலும் அட்டைப் பெட்டி, பழைய மிதிவண்டி. மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி, அல்லது இன்வெர்ட்டரும் பாட்டரியும். பேப்பர் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதம் சிங்கப்பூரின் பெடோக் நார்த் பகுதியில் அடுக்குமாடி வீடு ஒன்றில் தீப்பிடித்து ஒரு சிறு குழந்தை உள்பட மூன்று பேர் இறந்தார்கள். உள்ளே குவிந்திருந்த பொருள்களைக் கடந்து செல்லத் தீயணைப்புப் படையினர் சிரமப்பட்டார்கள். அவ்வளவு வசதியுள்ள ஊரிலேயே இப்படி நடந்தால், நம் மாடிப்படிகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தீ மட்டும் அல்ல. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் முதியவர்களைப் பார்க்கிறோம். தலைக்கு மேல் அடுக்கியவை, 2025 மார்ச் 28 பூகம்பம் போல் ஒரு குலுக்கல் வந்தால், படுத்திருப்பவர்மேல் விழும். மழைத் தண்ணீர் தேங்கிய திறந்த டப்பாக்களில் டெங்கு கொசு முட்டையிடும். எலி வரும், எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். மருந்துப் பட்டைகள் குவியலில் கலந்து, காலாவதியானதைச் சாப்பிட்டு விடுவதும் உண்டு.

உலகறிந்த ஒரு துயரச் சம்பவம் நியூயார்க்கில் நடந்தது. கொல்யர் சகோதரர்கள் இருவர், ஹோமர், லாங்லி என்று பெயர். படித்தவர்கள், வசதியான குடும்பம். கண் பார்வை போன அண்ணனைத் தம்பி கவனித்து வந்தார். அண்ணனுக்குப் பார்வை திரும்பினால் படிக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பத்திரிகைகளைச் சேர்த்தார். 1947 மார்ச்சில் போலீசார் உள்ளே நுழைந்தபோது அண்ணன் இறந்து கிடந்தார். தம்பியின் உடல் சில அடி தூரத்தில், சரிந்த குவியலுக்கு அடியில், பல நாள் தேடலுக்குப் பிறகுதான் கிடைத்தது. குவியல் சரிந்து தம்பி இறந்ததும், உணவு கொடுக்க ஆளில்லாமல் அண்ணனும் இறந்தார். வீட்டிலிருந்து அகற்றியது நூறு டன்னுக்கும் மேல். அந்தப் பத்திரிகைக் கட்டுகளில் இருந்தது அண்ணன்மேல் வைத்த அன்பு என்பதைக் கவனியுங்கள்.

செய்யக் கூடாதது

இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, ஒரே நாளில் ஆள் வைத்து அள்ளிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதுதான் செய்யக் கூடாத முதல் காரியம்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். ஐந்தாவது மாடியில் தனியாக வசித்த ஒரு பெரியவர், வயது எழுபதுக்கு மேல். ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். அந்த ஒரு வாரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து, வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். வீடு திரும்பியவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பூட்டை மாற்றினார். ஒரு வருஷத்துக்குள் வீடு முன்னைவிட அதிகமாக நிறைந்தது. மாறியது ஒன்றுதான்: அதன்பின் பிள்ளைகளை உள்ளே விடவில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது நம்மவருக்கே உரியது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1948 ஜனவரி 4ஆம் தேதிக்கு முன்பே இந்நாட்டுக்கு வந்து வாழ்ந்தவர்களும் அவர்கள் சந்ததியாரும், அதற்குத் தக்க சான்று காட்டினால் குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்யலாம். அந்தச் சான்று எங்கே இருக்கிறது? தாத்தாவின் எப்.ஆர்.சி. அட்டை, பாட்டியின் பிறப்புப் பதிவு, பழைய வாடகை ரசீது எல்லாம் பல வீடுகளில் பேப்பர் கட்டுக்கு நடுவிலும் தகர டின்னிலும்தான் கிடக்கின்றன. கோணிப்பையில் அள்ளிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் ஒரு குடும்பத்தின் உரிமையே போய்விடக் கூடும். "இதில் முக்கியமானது இருக்கிறது" என்று பெரியவர் சொல்லும்போது சில சமயம் அவர் சொல்லுவது உண்மையாகவே இருக்கும்.

உபதேசமும் வேண்டாம். "பற்றை விடுங்கள், எதைக் கொண்டு போகப் போகிறோம்?" என்று கோவிலில் கேட்டதை அவரிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். கால் முறிந்தவரிடம் நடையின் சிறப்பைப் பேசுவது போன்றது அது. குப்பை என்ற வார்த்தையையும் அவர் எதிரில் சொல்லாதீர்கள்.

செய்ய வேண்டியது

வேறொரு வீட்டில், கணவரை இழந்த ஓர் அம்மாள். மகள் ஆலோசனை கேட்டு வந்தார். நாங்கள் வகுத்த வழி மெதுவானது. நான்கு மாதம் பிடித்தது. இன்றும் அந்த வீடு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் கட்டிலில் படுக்கிறார், அடுப்பைச் சுற்றி வெற்றிடம் இருக்கிறது, வாசல் வரை தடையில்லாமல் நடக்கலாம். வேலை நடக்கும்போதே ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து அவருடைய தகப்பனாரின் எப்.ஆர்.சி. அட்டையும் கிடைத்தது. அந்த வழியை வரிசையாகச் சொல்லுகிறேன்.

1. பேச்சை வீட்டிலிருந்து தொடங்காமல் அவரிடமிருந்து தொடங்குங்கள். "அம்மா, ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் காது கொடுப்பார். "இது வீடா, குடோனா?" என்றால் கதவு மூடும்.

2. முதல் இலக்கு பாதுகாப்பு. வாசலுக்கு ஒரு வழி, படுக்க ஒரு கட்டில், அடுப்பைச் சுற்றி மூன்று அடி, பாட்டரியைச் சுற்றி வெற்றிடம். அழகு பிறகு வரட்டும்.

3. ஒவ்வொரு பொருளையும் அவர் கையாலேயே எடுத்து, அவரே முடிவு செய்யட்டும். அவர் அனுமதியில்லாமல் ஒரு தாளைக்கூடத் தொடாதீர்கள். நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்ப வராது.

4. தினம் இருபது நிமிஷம் போதும். மூன்று பெட்டிகள்: வைத்துக்கொள்ள, கொடுக்க, கழிக்க. முடிவு வராததற்கு நான்காவதாக ஒரு பெட்டி. அதில் தேதி எழுதி ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்.

5. ஆரம்பத்தில் சுலபமானதை எடுங்கள்: கெட்டுப்போன உணவு, உடைந்த பிளாஸ்டிக், காலாவதியான மருந்து. கடிதம், போட்டோ, இறந்தவரின் துணிமணி கடைசியில் வரட்டும். அடையாளப் பத்திரங்களுக்கு மட்டும் மூடியுள்ள ஒரு பெட்டியை முதல் நாளே ஒதுக்குங்கள்.

6. ஒரு பொருளைக் கொடுத்ததும் எவ்வளவு படபடப்பு என்று பத்துக்கு எத்தனை மார்க் போடச் சொல்லுங்கள். மறுநாள் மறுபடி கேளுங்கள். எட்டாக இருந்தது நாலாகியிருக்கும். தாங்க முடியும் என்று அவர் கண்டுகொள்வதே சிகிச்சை.

7. உள்ளே வருவதையும் கவனியுங்கள். இலவசமாகக் கிடைப்பது, தெருவில் கண்டெடுப்பது, மலிவு என்று வாங்குவது மூன்றையும் குறைக்காமல் வெளியேற்றினால் பயன் இல்லை.

நிபுணர்கள் செய்யும் சிகிச்சையும் இதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சீர்படுத்தும் பேச்சுச் சிகிச்சை அது. ஏறக்குறைய இருபத்தாறு அமர்வுகள், நடுவே வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று திட்டமிட்டுச் செய்வார்கள். அநேகருக்கு நல்ல முன்னேற்றம் வருகிறது. முற்றிலும் குணமாகிவிடும் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. இந்நோய்க்கென்று தனி மாத்திரை இதுவரை இல்லை. கூட இருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தால் மனத்தில் கொஞ்சம் பலம் வந்து மற்ற வேலை நடக்கும்.

நமது சங்கம் என்ன செய்யலாம்?

இந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. யாங்கோனில் மனநல ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே யுவாதாஜியில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டாலே நம்மவர் பின்வாங்குகிறார்கள். அந்த வெட்கம் நீங்க வேண்டும். அதுவரை காத்திருக்கவும் முடியாது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மனநல நிபுணர் நடத்திய குழுக்களையும், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் நடத்திய குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சாதாரண மனிதர்கள், இந்நோயை அனுபவித்து அறிந்தவர்கள். இரண்டு வகைக் குழுவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே நம்மாலும் கொஞ்சம் செய்ய முடியும்.

பொறுமையுள்ள இரண்டு, மூன்று பேர் முன்வந்தால் போதும். முதல் முறை போகும்போது துடைப்பம் கொண்டு போகாமல், பலகாரம் கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை போன பிறகு அவரே ஏதாவது ஓர் உதவி கேட்பார். மாடியிலிருந்து இறக்கிக் கொடுக்கும் வாலிபர்கள் வேண்டும். அவர் கொடுக்கும் துணியும் பாத்திரமும் உண்மையாகவே ஏழைக்குப் போய்ச் சேர்ந்தது என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். பயன்படுகிறது என்று தெரிந்தால் அவருக்குக் கொடுக்க மனம் வரும். பார்த்ததைக் கோவில் மண்டபத்தில் பேசக் கூடாது. இது மிக முக்கியம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: டெலிபோனில் கோபித்துக் கொள்வதைவிட, வாரம் ஒருமுறை வீடியோவில் கூடவே உட்கார்ந்து ஒரே ஒரு டின்னைச் சேர்ந்து பிரிப்பது பெரிய உதவி.

கடைசியாக, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே "இது என்னைப் பற்றித்தான்" என்று உள்ளுக்குள் சங்கடப்படும் அன்பருக்கு: நீங்கள் கெட்டவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. உங்களைப் போன்றவர்கள் இந்த ஊரிலேயே பலர் இருக்கிறார்கள். யாரையும் உள்ளே விட வேண்டாம். இன்றைக்கு நீங்கள் படுக்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் ஓர் ஓரமாக நகர்த்துங்கள். எதையும் எறிய வேண்டியதில்லை. அதைச் செய்த பிறகு, நீங்கள் நம்பும் ஒரு டாக்டரிடமோ, மனம் ஒத்த ஒரு நண்பரிடமோ இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பேச்சைத் தொடங்க அது போதும்.

எல்லா வீடுகளிலும் விளக்கு வைக்க இடம் இருக்கட்டும். அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.